உன் பூச்சிகளைக் கொன்றது நான்

மகனே, சனிக்கிழமை நீ கல்கரிக்கு விமானம் ஏற முதல் இதை வாசித்து முடித்துவிடு. இன்று புதன். நேரில் சொல்லத்தான் மூன்று முறை உன் அறை வாசலுக்கு வந்தேன். கடைசி முறை நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். "என்னப்பா?" என்று நிமிர்ந்தாய். "அங்க இஞ்சத்தையைவிடக் குளிராம், தடிச்ச சட்டையை மேல வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். முப்பது வருடமாகச் சாமான் விற்ற வாய், இதைச் சொல்ல மறுக்கிறது. அதனால் எழுதுகிறேன். உன் சீஸ் இரண்டு முறையும் பழுக்காமல் போனது உன் கைப்பிழையால் அல்ல. நிலவறையில் நீ வளர்த்த பூச்சிகளைக் கொன்றது நான். தெரியாமல் செய்ததைத் தெரிந்த பிறகும் ஒன்றரை வருடம் சொல்லாமல் இருந்தேன். 'எனக்கு இந்தத் தொழில் சரிவராது' என்று நீ முடிவெடுத்து, யோகட் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலைக்குப் போகிறாய். அந்த முடிவின் அடியில் கிடப்பது என் பொய்.

நீ வாசித்துச் சம்மதம் சொன்னால் இதை எங்கள் சங்கத்தின் மாத இதழுக்கும் கொடுப்பேன். உன்னைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் விழுந்த பேச்சு, நாலு பேருக்கு முன்னால்தான் துடைபட வேண்டும். ஆகவே உனக்குத் தெரிந்த சிலதையும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். சம்மதமில்லை என்றால் கிழித்துப் போடு. அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது.

நீ சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூக் கல்லூரியில் உணவுப் படிப்பை முடித்த வருடம், ஒரு உருண்டைச் சீஸை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். தேங்காய் அளவு, உள்ளே பூசணிப்பழ நிறம். மேல்தோல் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள், குழிகளில் மண்ணிறப் பொடி. அந்தப் பொடியில் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் தட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் தந்தாய். "பாருங்கோப்பா, நடக்குது." பார்த்தேன். நடந்தது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், பொடி முழுக்க. பிரான்சின் வடக்கில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பழுக்க வைக்கிறார்கள் என்றாய். பூச்சி தோலைக் கடித்துத் துளைக்க, உள்ளே காற்றுப் போய்ச் சீஸ் இறுகி மணம் பிடிக்கிறது என்றாய். ஜெர்மனியில் ஒரு கிராமத்தில் கம்பு மாவோடு மரப்பெட்டியில் போட்டு வைத்து, பூச்சியையும் சேர்த்தே சாப்பிடுகிறார்களாம். அந்த ஊரில் பூச்சிக்குச் சிலை கூட வைத்திருக்கிறார்களாம். சார்டினியாத் தீவில் ஆட்டுப்பால் சீஸில் ஈ முட்டையிட்டு, புழு பிடித்து, அந்தப் புழு துள்ளத் துள்ளச் சாப்பிடுகிறார்களாம், கண்ணில் பாயாமல் கையால் மறைத்துக்கொண்டு. விற்பனைக்குத் தடை, ஆனாலும் வீடுகளில் நடக்கிறதாம். அம்மா சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். நான் கேட்டேன்: "சிலை வைச்சவங்கள் தேரும் இழுப்பாங்களோ?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்படி நீ சிரித்து இப்போது எவ்வளவு காலம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பிறகு பண்ணை ஒன்றில் பால் எடுத்து, அங்கேயே சீஸ் பிடித்து, துறைமுகத்துப் பக்கம் என் கடையோடு சேர்ந்திருக்கும் பண்டகசாலையின் நிலவறையில் பழுக்க வைக்க இடம் கேட்டாய். தந்தேன். அனுமதிக்கு எத்தனை அலுவலகப் படி ஏறினாய் என்று எனக்குத் தெரியும். நாற்பது உருண்டை. மேப்பிள் பலகைத் தட்டுகளை நீயே அறுத்துப் பொருத்தினாய். கிழமைக்கு ஒருநாள் ஒவ்வொன்றையும் திருப்பி வைத்துத் தூரிகையால் தடவுவாய். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மணந்து பாருங்கோ, தேசிக்காய்த் தோல் மாதிரி இல்லையோ? அந்த வாசம் பூச்சியின்ர வாசம்தான்" என்றாய். இருந்தது, உண்மையாகவே எலுமிச்சை மணம். நான் தலையாட்டினேன். ஆனால் உள்ளே ஒன்றையும் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் பாதி.

உணவகங்களில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் நான் முதல் கடை போட்டபோது நீ பிறக்கவில்லை. இரண்டாவது கொள்கலன் துறைமுகத்தில் நாட்கணக்காக மாட்டிக்கொண்டது, கோடை வெயிலில். திறந்தபோது சிவப்பரிசி மா முழுக்க வண்டு. எறிந்தால் கடையையும் சேர்த்து எறிய வேண்டும். நானும் அம்மாவும் இரண்டு நாள் மாவை அரிதட்டில் அரித்தோம். அரித்துப் பொதி செய்து, ஒரு சீட்டும் ஒட்டினேன்: 'ஊர் மா, மருந்து அடிக்காதது.' யாராவது ஒரு வண்டைக் காட்டினால் சிரித்துக்கொண்டு சொல்வேன்: "அது நல்ல சாமானுக்கு அடையாளம் அக்கா. மருந்தடிச்ச மாவில பூச்சி இருக்குமே?" பிழையை எடுத்துப் பெருமையாக மாற்றுகிற வித்தை அது. பலர் நம்பி வாங்கினார்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கூட விலைக்கு. ஒரு வெள்ளிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நின்ற நேரம், மட்டக்களப்புப் பக்கத்து அம்மா ஒருவர் பொதியைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "தம்பி, நாங்க வெள்ளிக்கிழம மச்சம் தின்னமாட்டம். இந்த இறைச்சியத் திருப்பி எடுத்திட்டு மாவக் குடு." கடையே சிரித்தது. அன்றிலிருந்து எட்டு வருடம் என் கடைக்கு 'வண்டுக்கடை' என்றுதான் பெயர். நீ பாலர் வகுப்பில் இருந்தபோது ஒரு பிள்ளை உன்னை 'வண்டுக்கடைப் பெடியன்' என்று சொன்னதாக வந்து அழுதாய். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

ஆகவே நீ பிரான்சையும் ஜெர்மனியையும் சொல்லிப் பூச்சியைப் பெருமையாகக் காட்டியபோது, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பெடியனின் சரக்கில் பூச்சி பிடித்துவிட்டது, அதை மறைக்கக் கதை கட்டுகிறான், நான் கட்டியது போல' என்று நினைத்தேன். நீ முதல் நாளிலிருந்தே பூச்சியைக் காட்டித்தான் பேசினாய். கண்ணாடியைக் கையில் தந்து காட்டினாய். மறைக்கிறவன் அப்படிச் செய்வானா? அது என் மண்டையில் ஏறவில்லை. என்னைத் தெரிந்த அளவுக்கு நான் உன்னைத் தெரிந்துகொள்ளவில்லை. கள்ளக் கணக்கனுக்கு எல்லாக் கணக்கும் கள்ளமாகத்தான் தெரியும். நாளைக்கு நீ ஆட்களை வைத்து வேலை வாங்குவாய். ஒருவன் சொல்வதை நம்பாமல் விட முதல், அவனை நம்பவில்லையா, அல்லது அவன் இடத்தில் உன்னை வைத்துப் பார்க்கிறாயா என்று ஒருதரம் கேட்டுக்கொள்.

உன் நன்மைக்காக மட்டும் செய்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். போன வருடத்துக்கு முந்தைய வருடம் பங்குனியில் ஒருநாள், நிலவறைப் படியின் மேல் தட்டில் மண்ணிறப் பொடியைக் கண்டேன். உன் சப்பாத்தில் ஒட்டி வந்திருக்கும். படிக்குப் பக்கத்தில் என் மா மூட்டைகள். திரும்பவும் வண்டுக்கடையா? உன்னிடம் கேட்டிருக்கலாம். அந்தக் கிழமை நீ சிநேகிதனின் கலியாணத்துக்கு ரொறன்ரோ போயிருந்தாய். நீ இல்லாத நேரம் எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

அரிசிக்கு வண்டு வராமல் நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். காய்ந்த வேப்பிலை, செத்தல் மிளகாய், கற்பூரம், சாம்பிராணி, கரி நெருப்பு. மருந்து அடிக்காமல் புகை போடுவது. சனிக்கிழமை காலை தூபக்காலைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். புகை எச்சரிக்கை மணிக்குப் பொலித்தீன் பையைக் கட்டினேன். பண்டகசாலையில் பதினைந்து வருடமாக என்னோடு நிற்கும் திருகோணமலைச் செல்வம் கரிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றான்.

"அண்ணை, தம்பியிட்ட ஒருக்கா கேட்டிட்டுச் செய்வமே?"

"கேட்டா விடமாட்டான்."

"அப்ப ஏன் அண்ணை செய்யிறம்?"

"நீ கரியை ஊது."

சரியான கேள்வியை அவன் கேட்டான். நான் ஊதச் சொன்னேன். கதவைச் சாத்தி ஞாயிறு பின்னேரம் வரை புகைய விட்டேன். பிறகு காற்றாடி போட்டேன். நீ வந்து மூக்கைச் சுளித்து, "என்னப்பா, கற்பூரம் மணக்குது?" என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை தோறும் மேலே கடைக்குச் சாம்பிராணி காட்டுவது வழக்கம்தானே. "வெள்ளிக்கிழமைப் புகை, பலகையால கீழ இறங்கியிருக்கும்" என்றேன். நீ நம்பினாய். அடுத்த நான்கு வெள்ளியும், நீ பண்ணைக்குப் போன நேரம் பார்த்து, கீழேயும் கொண்டு இறங்கினேன். நான்காவது வெள்ளி உன் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மகனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து, அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இலையுதிர் காலத்தில் அந்த மதாம் வந்தார். நகரத்தில் நாலு இடத்தில் சீஸ் கடை வைத்திருப்பவர். உன் நாற்பது உருண்டையையும் எடுப்பதாகப் பேச்சு. நான் படியில் கணக்குப் புத்தகத்தோடு நிற்பது போல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றை வெட்டி, தோலைத் தடவி, மணந்து, வாயில் வைத்து வெகுநேரம் மென்றார். என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. ஆனாலும் அவர் சொன்னது விளங்கியது. நல்ல பால், நல்ல கை. ஆனால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, எடுக்க முடியாது. உன் பூச்சிகள் எங்கே போயின என்று கேட்டார். நீ "தெரியாது மதாம்" என்றாய். உன் குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரல் போல இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீ சொன்னதெல்லாம் உண்மை என்று. பூச்சியை எதிர்பார்த்துத்தான் ஒரு மனிசி தேடி வந்திருக்கிறார் என்று. அந்த இடத்திலேயே படியிறங்கி வந்து சொல்லியிருக்க வேண்டும். மூன்று படி. இறங்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம் ஒன்று. மற்றது, வியாபாரப் புத்தி. 'போனது போய்விட்டது, திரும்பப் போடுவான், அடுத்த முறை நான் தலையிடாமல் விட்டால் சரி' என்று கணக்குப் போட்டேன். நீயும் மாரியில் புதுச் சீஸ் போட்டாய், புதுப் பூச்சி எடுப்பித்தாய். நான் கீழே காலே வைக்கவில்லை. ஆனாலும் அவை ஒரு மாதத்தில் செத்தன. திரும்ப விட்டாய். திரும்பச் செத்தன. நீ ஈரப்பதம் பார்த்தாய், சூடு பார்த்தாய், தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பினாய். பிறகு உன் கையைச் சந்தேகப்பட்டாய். சவர்க்காரத்தை மாற்றினாய், கையுறை போட்டாய், கையுறையில்லாமல் பார்த்தாய். அம்மாவிடம் ஒருநாள் கேட்டாயாம், "எனக்கு ராசியில்லாத கையோம்மா?" என்று. இரண்டாம் முறை நான் ஒன்றும் செய்யவில்லையே, ஆகவே முதல் முறையும் நான் காரணமாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் இரண்டாவது தோல்வியில் நான் ஒளித்துக்கொண்டேன்.

புரோசார்ட் மண்டபத்தில் நடந்ததை நீயும் மறந்திருக்கமாட்டாய். பூப்புனித நீராட்டு விழா, நீ எனக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு நின்றாய். என்னோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கிய மனுசன் ஒருவர் உரக்கக் கேட்டார்: "என்ன அண்ணை, உங்கட பெடியன் பூச்சி வளக்கிறானாம்? வளத்த பூச்சியும் நிக்காம ஓடிற்றுதாமே!" மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். "படிப்புக் கூடினா இப்பிடித்தான்" என்றேன். உன் பெயரைக் காக்க ஒரு சொல் போதும், அதை நான் வைத்திருந்தேன். வைத்துக்கொண்டே சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது தட்டு மேசையில் இருந்தது, நீ இல்லை. அடுத்த கிழமை கல்கரி வேலைக்கு விண்ணப்பம் போட்டாய்.

உனக்கு அந்த வேலை கிடைத்த செய்தி வந்த பிறகுதான் எனக்கு நித்திரை போனது. போன மாதம் உன் நிலவறைத் தட்டிலிருந்து ஒரு துண்டுப் பலகையை அறுத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, உன் கல்லூரிக்குப் போய் உன் பேராசிரியையைத் தேடிப் பிடித்தேன். என் இங்கிலிஷையும் பிரெஞ்சையும் கலந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பலகையை மூக்கில் வைத்தார். "கற்பூரம்" என்றார். இரண்டு போத்தல் எடுத்தார். ஒன்றில் புது மரத்தூள், மற்றதில் உன் பலகையின் தூள். இரண்டிலும் பூச்சி விட்டார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். கண்ணாடியால் பார்க்கச் சொன்னார். புது மரத்தில் சந்தை போல நடமாட்டம். உன் பலகையில் ஒன்றும் அசையவில்லை. கற்பூரப் புகை மரத்துக்குள் ஊறிக்கிடந்து, நீ விட விடக் கொன்றிருக்கிறது. பலகையை மாற்றிச் சுவரைக் கழுவி அறையைக் காற்றாட விட்டிருந்தால் போதும் என்றார். அவ்வளவுதான். அந்த மதாம் வந்த நாளில் நான் மூன்று படி இறங்கியிருந்தால், நீ இரண்டாவது முறை தோற்றிருக்கமாட்டாய்.

"உங்கள் மகன் என் மாணவர்களில் மிகக் கவனமானவன். அவன் தன்னைப் பிழை சொல்லியிருப்பான், இல்லையா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார். நான் வந்தவுடன் கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டிருந்தவர், தரவில்லை.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, "ஒண்டரை வருஷமா அவன் தன்ர கையையே பாத்துக்கொண்டிருந்தவன். நீங்கள் அதைப் பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு போடுகிறாள், கதை பேச்சில்லை. நீ கேட்டிருப்பாய், வீடு ஏன் இவ்வளவு அமைதி என்று. உன் பயணம் காரணம் என்று நினைத்திருப்பாய். இல்லை.

நேற்று அந்த மதாமின் கடைக்கும் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் நடந்ததைச் சொன்னேன், பின்னால் நின்றவர்களும் கேட்கத்தக்கதாக. அவர் உன் சீஸைத் திரும்ப எடுப்பேன் என்று சொல்லவில்லை. எடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "இதை அவன் வந்து சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல" என்றார். சரிதான். இனி உன் வேலையில் நான் வாய் வைக்க எனக்கு இடமில்லை. பலகையை மாற்றித் தருகிறேன், சுவருக்கு ஆள் பிடிக்கிறேன் என்றெல்லாம் எழுதத்தான் கை போகிறது. பழைய நோய். நீ கேட்காமல் ஒரு ஆணியும் அடிக்கமாட்டேன்.

மகனே, நில் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கல்கரி நல்ல வேலை. உனக்கு அது பிடித்திருந்தால் போ. ஆனால் கைக்கு ராசியில்லை என்று நினைத்துக்கொண்டு போகாதே. உன் கையில் ஒரு குறையும் இல்லை. ஒரு தொழில் ஒரே மாதிரி இரண்டு முறை பிழையாகப் போனால், முதலில் உன் அறைக்குள் வேறு யார் வந்து போகிறார் என்று பார். அது அப்பனாக இருந்தாலும் பார்.

ஒன்று கேட்கிறேன். கோபம் வந்தால் நீ பிரெஞ்சுக்குப் போய்விடுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் முழுதும் விளங்காமல் நிற்பேன், நீ கதவைச் சாத்துவாய், இருவரும் தப்பிவிடுவோம். இந்த முறை அப்படி வேண்டாம். இன்றும் நாளையும் நான் வெளியே எங்கும் போகவில்லை, கடையில்தான் நிற்பேன். வா. ஆட்கள் நின்றாலும் பரவாயில்லை, நிற்கட்டும். தமிழில் ஏசு. சொல் வராவிட்டால் நின்று யோசித்து ஏசு, நான் காத்திருப்பேன். எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்க வேண்டும். ஏசி முடித்த பிறகு, போவதா நிற்பதா என்று நீ முடிவெடு.

அப்பா